லாஜிக் பாடத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டம்,
ஆடி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீ டெல்லியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முப்பிடாதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ அம்மா பயப்படாதே என்கிறாய், நான் சரி தாயி என்கிறேன், அதற்குள் உனக்குக் கிளாஸுக்கு நேரமாகிவிடுகிறது. காகிதம் என்றால் நீ நடுவில் பேச முடியாது பார். தூத்துக்குடியில் வாங்கிய மக்ரூனோடு இதையும் பார்சலில் வைத்து அனுப்புகிறேன். மக்ரூன் டெல்லி வரைக்கும் உடையாமல் வராது, தூளானாலும் ஸ்பூன் போட்டுத் தின்றுவிடு, கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

ஊர்ச் செய்தி என்றால், இந்த ஆடிக் காற்று பேய்க் காற்றாக அடிக்கிறது. கொடிக்காலில் மேற்கு ஓரத்து அகத்தியெல்லாம் சாய்ந்து வெற்றிலைக் கொடி தரையில் கிடந்தது. அப்பா ஆள் வரும்வரை பொறுக்காமல் தானே தூக்கிக் கட்டப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். தைலம் தேய்த்துவிட்டேன், இப்போது பரவாயில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அந்தக் கவலை இல்லை. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் மதினி உன்னை விசாரித்தாள். வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்றேன். பொம்பளப் பிள்ளைய வக்கீலாக்கிட்டா நாளைக்கு மாப்பிள்ளை எப்பதான் வாயத் தொறப்பான் என்று சிரித்தாள். அப்பா விடவில்லை, எம் மவ பேசட்டும், வாறவன் கேட்டுக்கிட்டு இருக்கட்டும் மதினி என்றார். உன் செந்தில்வேல் மாமாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் நெருக்கடி, கன்டெய்னர் கணக்குப் பார்த்துப் பார்த்துக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறான். அந்த அவசரத்திலும் எனக்காக ஒரு காரியம் செய்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வார ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். டிகிரி முடித்ததும் மூன்று வருடச் சட்டப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாய். அந்தத் தேர்வில் லாஜிக் கேள்வி நிறைய வரும். அதற்குத் தயாராக இந்த செமஸ்டரில் உன் எகனாமிக்ஸோடு கூடத் தத்துவத் துறையில் ஒரு லாஜிக் பாடம் எடுக்கலாம். அங்கே இரண்டு இருக்கிறது, ஆனால் ஒன்றுக்குத்தான் இடம். ஒன்று எழுத்தும் குறியும் போட்டுக் கணக்கு மாதிரி செய்வது, கஷ்டம், மார்க் குறையலாம். இன்னொன்று ஒருவர் எழுதிய பத்தியை எடுத்துவைத்து அவர் பேச்சில் எங்கே ஓட்டை என்று பார்ப்பது, தேர்வில் வருவதும் ஏறக்குறைய அதுதான். இந்த மாதக் கடைசிக்குள் எது என்று பதிய வேண்டும், அம்மா நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாய். நான் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீ நுழைவுத் தேர்வு என்று சொன்னபோதே அரிசியை அப்படியே விட்டுவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ விளக்கியதற்கெல்லாம் உம் உம் என்றேனே, அது தரையில் உட்கார்ந்துகொண்டு போட்ட உம். அப்பா பக்கத்தில் நின்று, நீ எத வேணும்னாலும் எடுத்துக்கோளா, அப்பா இருக்கேன் என்று தைரியமாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இந்த மனுஷனுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டதா என்று நினைத்தேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இங்கே பூனை துணிந்து சேருகிறது, பெற்றவள்தான் நடுங்குகிறாள். டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வை நீ இரண்டாம் தடவை எழுதி, ரிசல்ட் வந்த அந்த மத்தியானத்தை நாம் மூன்று பேரும் வீட்டில் பேசியதே இல்லை. உன்னை டாக்டராகு என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை, நீயாக ஆசைப்பட்டாய், நீயாகப் படித்தாய், படித்த படிப்பில் எலும்பாகத் தேய்ந்தாய். ரிசல்ட் வந்த பிறகு தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது, போன் கட்டிலில் கிடந்தது, உன்னைக் காணவில்லை. நான் தெருத்தெருவாக ஓடினேன், அப்பா கொடிக்காலெல்லாம் தேடினார். கடைசியில் ஆட்டோ லிங்கராஜ் உன்னைக் கொண்டுவந்து விட்டான். ஆற்றுப் பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாயாம். அவன் வண்டியை நிறுத்தி, உன் பக்கத்தில் வந்து நின்று, எங்கள் வீட்டு மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்து, நீ வண்டியில் ஏறிய பிறகுதான் மூச்சு விட்டானாம். நீ தண்ணி பாத்துக்கிட்டு இருந்தேன்மா என்றாய். நாங்கள் சரி என்றோம். சுடச்சுட ரசம் சோறு பிசைந்து கொடுத்தேன். மறுநாள் தூத்துக்குடியில் டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை சாப்பிட்டாய், மெதுமெதுவாக முகம் தெளிந்தது, டெல்லியில் இடம் கிடைத்தது, போனாய். பஸ் அந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் இன்றைக்கும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை நீ எனக்கு ஒரு கேள்வி போட்டாயே, நினைவிருக்கிறதா. மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, அப்படியென்றால் மழை பெய்ததா என்று கேட்டாய். நான் பெய்துதானே இருக்கும் என்றேன். இல்லம்மா, தண்ணி லாரி ஒழுகிட்டே போயிருக்கலாம்ல என்று சொல்லி நீ சிரித்தாய். எத்தனை காலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாய் தெரியுமா. போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தடவை நுழைவுத் தேர்வு வந்தது, நீ உடைந்தாய், அதனால் இந்தத் தடவையும் உடைவாய் என்று என் மனசு சொல்லுகிறது. இது சரியான கணக்கு இல்லை என்று நீ சொல்வாய். உன்னை உடைத்தது பரீட்சையா, தூக்கம் இல்லாததா, தனிமையா, வேறு ஏதாவதா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் சொல்லலாம். எல்லாம் புரிகிறது. ஆனாலும் தெரு நனைந்திருந்தால் நான் வானத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பேன், லாரியைத் தேட மாட்டேன். பெற்ற வயிறு அப்படித்தான்.

சும்மா பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, அதனால் வியாழக்கிழமை தூத்துக்குடிக்குப் போனேன். செந்தில்வேல் மாமா தனக்குத் தெரிந்த பிரேமா என்கிற வக்கீலம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான், அவன் செய்த காரியம் இதுதான். கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியில் சின்ன அறை, கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தது அந்தப் பெண். நான் நீ சொன்ன இரண்டு பாடத்தையும் உளறிக்கொட்டினேன். எந்த லாஜிக் வகுப்பும் கட்டாயம் இல்லக்கா, எந்தப் பாடம் படிச்ச பிள்ளையும் அந்தத் தேர்வை எழுதலாம் என்றது. தேர்வில் குறியீடு வராதாம், பத்திதான் வருமாம், அதற்குப் பழைய வினாத்தாளை நேரம் வைத்துப் போட்டுப் பார்ப்பதும் தினமும் நல்லதாக நாலு பக்கம் வாசிப்பதும்தான் வழியாம். குறியீட்டுப் பாடம் படித்தால் ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வருகிறது என்று புத்தி நிதானமாக நிற்கப் பழகுமாம், ஆனால் விருப்பம் இல்லாமல் எடுத்தால் மார்க் போய் டிகிரி சதவீதத்தையும் இழுத்துவிடுமாம். எல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, அக்கா நீங்க கேக்க வந்தது இது இல்லையே என்றது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவிடம் அழுதேன். இவள் இந்தப் பரீட்சைக்குப் போகலாமா வேண்டாமா என்று அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். லாஜிக் படிக்கப் போற பிள்ளைக்குப் பூக்கட்டியா பாக்கப் போற, டெல்லிக்காரன் கேட்டா சிரிப்பான்ளா என்று கேலி செய்தார். ஆனால் நான் இரண்டாம் தடவை கேட்பதற்குள் சரி, நானே கட்டித் தாரேன், நீ விளக்குக்கு எண்ணெய் எடு என்று எழுந்துவிட்டார். போகலாம் என்றால் வெள்ளை நந்தியாவட்டை, வேண்டாம் என்றால் செவ்வரளி என்று பேசிக்கொண்டோம். நீ பார்த்திருக்கிறாயே, வெற்றிலை கட்டிக் கட்டிப் பழகிய கை, இரண்டு வெற்றிலையில் பூவை மடித்து வாழைநாரால் கட்டினார் என்றால் எது எது என்று கட்டினவருக்கே தெரியாது. பூசாரி சுடலைமாடன் மாமா இரண்டையும் தட்டில் குலுக்கி அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். செவ்வரளி.

நான் அழவில்லை, சந்தோஷப்பட்டேன். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அம்மன் உத்தரவு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாமி விஷயத்தில் நீ என் பேச்சைத் தட்ட மாட்டாய், இந்தப் பரீட்சைப் பேச்சு இதோடு முடிந்தது, என் பிள்ளை பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே உனக்குப் போன் செய்திருப்பேன், உன் போன் எடுபடவில்லை. மற்ற பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது வழக்கம். காற்றாக அடித்ததால் காலையில் வாய்க்காலுக்குப் போகலாம் என்று விளக்குமாடத்தில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை எடுக்கப் போனால் வெற்றிலை வாடிச் சுருண்டு, நார் நெகிழ்ந்து, பொட்டலம் தானாகப் பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்ததும் செவ்வரளிதான். அம்மன் கோபத்தில் வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாளா என்றுதான் முதலில் நினைத்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கட்டினது யார் என்ற ஞாபகம் வந்தது.

அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பூவைக் கொண்டுபோய் டம்ளர் பக்கத்தில் வைத்தேன். டம்ளரைத் தள்ளி வைத்தார். வெள்ளை வந்திருந்தா நான் என்னளா செய்வேன், அம்மனே போகச் சொன்ன பொறவு நான் எப்படிப் போகாதேன்னு சொல்லுவேன் என்றார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். உனக்கு எத வேணும்னாலும் எடுத்துக்கோ என்று சொன்ன அதே மனுஷன்தான். போனில் உன்னிடம் அப்படிச் சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை நான் கொடிக்கால் கவலை என்று நினைத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயந்திருக்கிறோம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சரி, இந்தத் தடவை ஒழுங்கா வெள்ளையும் செவப்பும் வச்சுக் கட்டுதேன், மறுபடி கேப்போம் என்றார். நான் வேண்டாம் என்றேன். எந்தப் பூ வந்தாலும் எங்களுக்கு இந்த நடுக்கம் போகப் போவதில்லை. உன்னிடம் கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்கப் பயந்துகொண்டு அம்மனை நடுவில் நிறுத்தினோம். அவளிடமும் ஒரே பதிலை இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோய் வைத்தோம். இதையெல்லாம் பிள்ளைக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதிரு, எனக்குப் போன்ல சொல்ல வராது என்று சொல்லிவிட்டு இடுப்பு வலியோடு கொடிக்காலுக்குப் போய்விட்டார்.

ஆகையால் நீ கேட்டதற்கு என் பதில் இது. இரண்டு பாடத்தையும் நீ விளக்கியதை நான் அரைகுறையாகத்தான் கேட்டேன், ஆனால் உன் குரலை முழுசாகக் கேட்டேன். பத்தியில் ஓட்டை பார்க்கிற பாடத்தைப் பற்றிச் சொல்லும்போது சீனியர் அக்கா சொன்னாள், அது தேர்வுக்கு ஆகும் என்கிறாய். குறி போடுகிற பாடம் என்றால் உனக்குப் பேச்சு வேகமாகிவிடுகிறது, அந்த மழைக் கேள்வியும் அதிலிருந்துதானே எடுத்தாய். அதையே எடு தாயி. பழைய வினாத்தாளை வீட்டில் வைத்துப் போட்டுக்கொள். போன தடவை உன் கையில் பரீட்சையைத் தவிர ஒன்றும் இல்லை, அது போனதும் எல்லாம் போன மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தடவை பரீட்சை எப்படிப் போனாலும் உனக்குப் பிடித்து மிச்சம் இருக்கிற மாதிரி ஒன்றைப் படி. மார்க் குறைந்தால் குறையட்டும். நீ வக்கீலாகாவிட்டாலும் நாங்கள் யாரிடமும் தலைகுனிந்து நிற்கப் போவதில்லை, பிச்சம்மாள் மதினிக்கு வேறு பேச்சு கிடைக்கும். இரவு விழித்துப் படிக்காதே, டாக்டர் சொன்னது அதைத்தான். தனியாக அறையெடுத்துத் தங்கப் போகிறேன் என்று அடுத்த வருஷம் கேட்காதே, கூடப் பிள்ளைகள் இருக்கட்டும். ரிசல்ட் வருகிற அன்றைக்கு நீ எங்கே இருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்துவிடுவோம், டிக்கெட் பற்றி நீ ஒன்றும் பேசக் கூடாது.

இப்போது அம்மா கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அந்த மத்தியானம் பாலத்தில் நீ தண்ணீர் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா. நாங்கள் சரி என்று சொன்னது நம்பியதால் இல்லை ஜெயா, அடுத்த வார்த்தையைக் கேட்கத் தைரியம் இல்லாததால். நீயும் எங்களைப் பார்த்துப் பயந்துதான் அதற்குமேல் சொல்லவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. நீ என்ன சொன்னாலும் உன் படிப்பை நிறுத்த மாட்டேன், ஊருக்கு வந்துவிடு என்று சொல்ல மாட்டேன், இதை அப்பாவும் ஒத்துக்கொண்டார். எழுத முடியாவிட்டால் போனில் சொல். நான் அழுதாலும் அழுவேன், ஆனால் போனை வைக்க மாட்டேன். இனிமேல் அப்படி ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தாலும், எந்த நேரமானாலும், முதலில் என்னைக் கூப்பிடு. நான் உனக்குப் புத்தி சொல்ல மாட்டேன். லிங்கராஜைப் போல மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க எனக்கும் தெரியும்.

அம்மன் உனக்கு முன்னும் பின்னும் துணையாக நிற்பாள், நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய். தலைக்கு எண்ணெய் வை, தண்ணீர் நிறையக் குடி. பாடம் பதியக் கடைசித் தேதி நெருங்குகிறது, மறந்துவிடாதே. அதற்கு முன்னால் நான் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடு, அதற்குப் பிறகு போய்ப் பதிந்துகொள்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டும் காத்துக்கொண்டும்,
அம்மா
பே. ஆறுமுகத்தாய்